குணமாகும் கடமை

காசநோய். வேலை செய்த தோல் ஷாப்பிலிருந்து நீண்ட விடுப்பில் திமிரியில் கிடக்கிறேன். 1948ஆம் வருஷத்து இ.எஸ்.ஐ. சட்டம், 64ஆம் பிரிவில், உதவித்தொகை வாங்கும் நோயாளிக்கு நிபந்தனைகள் விதித்தது: சிகிச்சையில் இருக்கவேண்டும், குணமாவதைக் கெடுக்கும் எதையும் செய்யக்கூடாது, அனுமதியின்றி வட்டாரத்தை விட்டுப் போகக்கூடாது. முதலாவது எளிது. ஆறு மாதம் மாத்திரை விழுங்கினால் ஆயிற்று. இரண்டாவதுதான் வதைக்கிறது. கூலியில் 80 சதவீதம் வருகிறது. மீதிக்காக மனைவி வீட்டிலேயே ஷூவின் மேல்பாகம் தைக்கிறாள், ஜோடிக் கணக்கில் கூலி. தோல் நெடி இருமலைக் கிளப்புகிறது. திண்ணைக்கு வந்தால் "தேறிட்டீங்களே" என்கிறார்கள். விசாரிப்பல்ல, வேவு. மீள்வது என் பொறுப்பு என்பதை ஒப்புக்கொள்கிறேன். நுரையீரல் மட்டும் தனியாகக் குடித்தனம் செய்யவில்லையே. அவள் கண் எரியும் இரவுகளில் ஊசியை நான் வாங்கிக்கொள்கிறேன். அது நிபந்தனையை மீறுவதாக எனக்குப் படவில்லை.