முக்கால் அடி மண்

எங்கள் வீட்டுக் காம்பவுண்டுச் சுவருக்கும் சிமென்ட் நடைபாதைக்கும் நடுவே முக்கால் அடி அகலத்துக்கு மண் விட்டிருக்கிறது. மேற்கு வெயில் நேரே விழும் சுவர். மதுரையில் சித்திரை மாதம் இரவு எட்டு மணிக்கும் அதில் சூடு இறங்காது. செம்பருத்தி வைத்தேன், நடைபாதைப் பக்கம் சாய்ந்து வருகிறவர்கள் மேலெல்லாம் உரசியது. வெட்டி வெட்டியே பட்டுப்போனது. இட்லிப்பூ வைத்தேன், இலையில் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, மற்றதெல்லாம் மஞ்சளாக வெளுத்தது.

அந்த மஞ்சள் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை கடப்பாரையை எடுத்தேன். நாலு விரற்கடைக்குக் கீழே மண்ணே இல்லை. செங்கல் துண்டும் இறுகிப்போன சிமென்ட் கலவையும்தான். வீடு கட்டியபோது மிஞ்சியதை அங்கேயே தள்ளி மூடியிருக்கிறார்கள். அதிலிருக்கும் சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கிவிடும். காரமண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேருக்குக் கிடைக்காது. இட்லிப்பூவுக்கோ அமில மண்தான் ஒத்துக்கொள்ளும். குப்பையை அள்ளிப் போட்டுவிட்டுச் செம்மண்ணும் மக்கிய சாணமும் நிரப்பினேன்.

அள்ளும்போதுதான் கவனித்தேன். நடைபாதை விரிசலில் யாரும் வைக்காத ஒரு நித்தியகல்யாணி பூத்து நின்றது. குடை மடித்ததுபோல் முறுக்கிய மொட்டு, ஐந்து இதழ், நடுவில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. சிறிய கொத்தவரங்காய் போல இரட்டை இரட்டையாய்க் காய். பிரித்தால் கடுகை விடப் பொடியாகக் கறுப்பு விதை. உயரம் இரண்டு அடிக்குள். இந்தப் பாத்திக்கு இதைவிடப் பொருத்தமாக எதைத் தேடுவேன்!

“சுடுகாட்டுப் பூவையாடி வாசல்ல வைக்கப் போற?” என்றாள் அம்மா.

அந்தப் பெயர் ஏன் வந்தது? கோவில்பட்டிப் பக்கம் கரிசலில் இதை மானாவாரியாகப் பயிரிடும் மாமாவிடம் கேட்டேன். “ஆடு கடிக்காதும்மா, தண்ணியும் கேக்காது. மத்தச் செடியெல்லாம் போனப்புறம் அங்க இதுதான நிக்கும்” என்றார். இலை கசப்பு; செடி முழுக்க நஞ்சு. அவர் களத்தில் இலை ஒரு பக்கமும் வேர் ஒரு பக்கமும் காய்ந்துகொண்டிருந்தன. இரண்டும் மருந்துக்காக ஏற்றுமதியாகின்றன.

நம் ஊர்ச் செடி என்றே நினைத்திருந்தேன். பிறந்த இடம் மடகாஸ்கர். அங்கிருந்து போய் ஐரோப்பியத் தோட்டங்களில் முளைத்த பிறகு, 1759இல் லின்னேயஸ் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார். 1950களில், ஜமைக்காவில் நீரிழிவுக்கு இதன் இலையைக் காய்ச்சிக் குடிப்பதைக் கேள்விப்பட்டு, கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் எலிகளுக்கு அதன் சாற்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை குறையவில்லை. ஊசியில் ஏற்றியபோது இரத்த வெள்ளணுக்கள் சரிந்தன. வெள்ளணுக்களை இப்படிக் குறைக்கும் பொருள் இரத்தப் புற்றுக்கு எதிராக நிற்குமே என்று அதைப் பிரித்தெடுத்தார்கள். 1958இல் வின்பிளாஸ்டின் அறிவிக்கப்பட்டது. அடுத்து அதே செடியிலிருந்து வந்த வின்கிரிஸ்டின் இன்றும் குழந்தைகளின் இரத்தப் புற்றுக்குக் கொடுக்கப்படும் மருந்து.

எங்கள் தெருவில் ஒரு பையனுக்கு அந்த மருந்து வாரந்தோறும் ஏறியது. இப்போது பத்தாவது படிக்கிறான். இதை அம்மாவிடம் சொன்னபோது அவள் உடனே எதுவும் சொல்லவில்லை. சாயங்காலம் வந்து பாத்தியைப் பார்த்தாள். முக்கால் அடிக்கு ஒன்றாக, சுவரை ஒட்டாமல், ஒற்றை வரிசையில் நாற்று வைத்துக்கொண்டிருந்தேன்.

“கேட்டுப் பக்கம் மட்டும் வேண்டாம்டி” என்றாள்.

அந்த முனையில் துளசி இருக்கிறது.