மணியாச்சியில் ஒரு ஓசெக்காய்

மதுரைப் பக்கமிருந்து வரும் ரயில் பாதை மணியாச்சியில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று திருநெல்வேலிக்கு, மற்றது தூத்துக்குடிக்கு. 1911-ல் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது இங்கேதான். அதனால்தான் போர்டில் ‘வாஞ்சி மணியாச்சி’. சுற்றிலும் கரிசல் காடு. வண்டி வரும்வரை ஒரே பொழுதுபோக்கு, பக்கத்து பெஞ்சுக்காரரின் விசாரணை!

‘‘எந்த ஊரு? சம்பளம் எம்புட்டு? கல்யாணம் ஆயிருச்சா? ஏன் ஆகல?’’

நாம் இதை ‘மூக்கை நுழைப்பது’ என்போம். ஜப்பானில் இதற்குப் பெயர் ‘ஓசெக்காய்’. (காய்கறி இல்லை சார்!) வழக்கமாக அதை எழுதும் சித்திர எழுத்துகள் சும்மா சத்தத்துக்காகச் சேர்த்தவையாம். அபூர்வமாக வேறு எழுத்திலும் எழுதுவதுண்டு. அதற்கு அர்த்தம், அரைக்கிற சட்டியின் உள்வரிகளில் ஒட்டியதை வழித்தெடுக்கும் மரக்கரண்டி. சொல்லே அந்தக் கரண்டியிலிருந்து வந்தது என்று ஒரு கட்சி. எனக்கென்னவோ மூக்கைவிடக் கரண்டிதான் பொருத்தமாகப் படுகிறது. நம்ம பெஞ்சுக்காரர் அடிச்சட்டி வரை வழிக்காமல் விடுவதில்லையே!

ஒருநாள், நின்றிருந்த வண்டியில் ஒரு பையன். காதில் ஹெட்போன், மடியில் ஃபைல். பிளாட்பாரத்திலிருந்த பெரியவர் ஜன்னலைத் தட்டினார். பையன் முறைத்தான்.

‘‘எங்கய்யா போற?’’

‘‘உங்களுக்கு எதுக்கு?’’

‘‘சும்மா சொல்லு.’’

‘‘தூத்துக்குடி. இன்டர்வியூ.’’

‘‘ஏலே, இது திருநவேலி வண்டி! இறங்கு, இறங்கு!’’

விழுந்தடித்து இறங்கினான். வண்டி நகர்ந்தது. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, ‘‘ரொம்ப தேங்க்ஸ் தாத்தா’’ என்றான்.

‘‘அது கெடக்கட்டும். சம்பளம் எம்புட்டு தருவாக?’’