தார்ப்பாயை எடுக்கும் நேரம்

காப்பிப் பழம் காயவைக்கத் தொடங்கிய புதிதில், மழை நின்றதுமே தார்ப்பாயை உருவிவிடுவேன். இரண்டு பருவம் கொட்டை கெட்ட பிறகுதான் அந்தக் கை அடங்கியது.

கொல்லிமலையில் அரபிகா சிவந்து பறிப்புக்கு வருவதும் வடகிழக்குப் பருவமழை கொட்டுவதும் ஒரே காலத்தில்தான். பழத்தைத் தோலோடு சிமெண்டுக் களத்தில் பரப்புகிறோம். நல்ல வெயில் கிடைத்தால் இரண்டு வாரம் போதும். ஈரம் தங்கினாலோ பூசணம் பிடித்துவிடும். அந்த வாடை வறுத்தாலும் போகாது.

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல், வலுவிழந்து மேற்கே நகர்ந்தபோது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. எங்கள் மலையையும் அது விடவில்லை. அது விலகிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. விடியும்போது சாரலோடு காற்று தார்ப்பாயை அடித்துக்கொண்டிருந்தது. ஒன்பது மணிக்கு மழை ஓய்ந்து, மேகம் களத்துக்கே இறங்கியது. பத்தரைக்குச் சுள்ளென்று வெயில்.

"அண்ணா, வெயில் வந்துருச்சுங்க. எடுத்துரலாங்களா?" என்றான் கூட இருந்த பையன்.

"இப்ப வேண்டாம் தம்பி."

மூடியே கிடந்தால் பழம் வேர்க்கும். அதனால் காற்று மோதாத பக்கம் மட்டும் தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கிக் கல் வைத்தோம். மழை விட்டாலும் சில்வர் ஓக் விடாது. ஒவ்வொரு காற்றுக்கும் இலையிலிருந்து சடசடவென்று நீர் கொட்டியது. பதினொன்றரைக்கு இன்னொரு தூறலும் வந்து போனது.

நான் வானத்தைவிடக் காற்றைத்தான் அதிகம் பார்ப்பேன். புயல் எங்களுக்கு வடக்கே மேற்கு நோக்கிப் போனால், வடமேற்கிலிருந்து வீசும் காற்று மேல்காற்றாகி, பிறகு தெற்குக்குத் திரும்பும். அன்று மதியம் அப்படித்தான் திரும்பியது. களத்தில் கிடந்த மேகம் மேலே ஏறியது. மலை விளிம்புக்குப் போய்ப் பார்த்தேன். சேந்தமங்கலம் பக்கத்துச் சமவெளி தெளிந்திருந்தது. திரும்பி வந்து புறங்கையைச் சிமெண்டில் வைத்தேன். தண்மை போயிருந்தது, தரையும் வெளுத்திருந்தது. ஈரத் தரையில் பரப்பினால் பழம் அடியிலிருந்து நீரை உறிஞ்சும். வெயிலை நம்பி நான் முன்பு கெட்டது அந்த இடத்தில்தான்.

ஒன்றரை மணிக்குத் தார்ப்பாயை எடுத்தோம். மெல்லிய வெயிலும் ஓயாத காற்றும் சேர்ந்தால் காய்ச்சல் சீராக இருக்கும். கடும் வெயிலைவிட அதைத்தான் நான் விரும்புவேன். அரை மணிக்கொரு முறை மரப்பலகையால் புரட்டினோம். நான்கு மணிக்கு ஒரு கைப்பிடி எடுத்துக் காதருகே குலுக்கினேன். காய்ந்த பழத்துக்குள் கொட்டை கலகலக்கும். இது இன்னும் ஊமையாகத்தான் இருந்தது. பனி இறங்குமுன் குவித்து மூடி, நான்கு ஓரத்திலும் கல் வைத்தோம்.