கிராணி வேலையும் மனநிறைவும்

"உத்தியோகம் புருஷ லட்சணம்" என்பது நம்மவர் நாவிற் பழகிப்போன வாக்கு. அதனை முதலிற் சொன்னவர் இன்று காலை பினாங்கு பீச் தெருவில் வந்து நின்று பார்ப்பாராயின், காரியாலயங்களுக்குள் விரைந்து நுழையும் பெண்மக்களின் தொகையைக் கண்டு தம் வாக்கைத் திருத்திக்கொள்வார். அது நிற்க. உத்தியோகம் யாருக்கு லட்சணமாயினும், அதில் மனநிறைவு உண்டா என்று கேட்டால் நம்மிற் பெரும்பாலோர் தரும் விடை ஒரு பெருமூச்சேயாம். நாமும் இந்நகரத்து வழக்கறிஞர் காரியாலயம் ஒன்றில் பல்லாண்டுகளாகக் கிராணி வேலை பார்த்து வருகிறோமாதலின், இப்பொருள்பற்றிச் சில சொல்லத் துணிந்தோம்.

கிராணி என்னும் சொல்லைத் தோட்டத்து அன்பர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. விடியுமுன் பெரட்டுக் களத்தில் விளக்கொளியில் நின்று, செக்ரோலிற் பெயர் பதிந்தவர் கிராணியார். அவர் இட்ட ஒரு கோடு ஒரு நாட் கூலி. இடாது விட்ட கோடு ஒரு குடும்பத்தின் அரைவயிற்றுக் கஞ்சி. ஆதலினாலேயே மக்கள் அவரை அஞ்சினர்; அவர் அப்பாற் சென்றபின் ஏசவுஞ் செய்தனர். நகரத்துக் கிராணியோ அஞ்சப்படுவதுமில்லை, ஏசப்படுவதுமில்லை. பெரும்பாலும் எவராலும் கவனிக்கப்படுவதேயில்லை. மேலாளரின் முகக்குறிப்பு, பக்கத்து மேசைக்காரரின் கோள், இன்று முடித்த தாளே நாளை வேறு எண்ணுடன் திரும்பி வரும் விந்தை, இவையே அவருடைய நாட்கள்.

இச்சலிப்புக்குக் காரணம் யாது? வேலை கடினமென்பதன்று, வேலையின் பயன் கண்ணுக்குத் தெரியாமையே. நம் கப்பல்துறைக்கருகே மணிக்கூண்டுடன் நிற்கும் சுங்க இலாகா மாளிகையை அறியாதார் இலர். முற்காலத்தில் அது ரயில்வேக் காரியாலயம். அதன் வாயிலில் தண்டவாளம் இல்லை, வண்டியின் புகையுமில்லை. அங்கே சீட்டு வாங்கியவர்கள் நீராவிப் படகேறி அக்கரையிலுள்ள பிறைக்குச் சென்று வண்டி பிடித்தனர். சீட்டு எழுதிய கிராணி தாம் அனுப்பிய வண்டியைத் தம் நாற்காலியிலிருந்து ஒருநாளும் கண்டிலர். எனினும் அவர் தவறாக எழுதியிருப்பின், பயணி வேற்றூரில் இறங்கி நின்றிருப்பார். காரியாலயத் தொழில் அனைத்தும் இத்தகையதே. வண்டி அக்கரையில் ஓடுகிறது. நாம் இக்கரையில் எழுதுகிறோம்.

அக்கரையிலிருந்தே ஒருநாள் மூதாட்டியொருவர் நம் காரியாலயத்துக்கு வந்தார். செபராங் பிறையில் ஒரு தோட்டத்தில் வாழ்நாளெல்லாம் பால் வெட்டியவர். காலஞ்சென்ற கணவரின் ஊழியர் சேமநிதிப் பணத்தைப் பெற வேண்டும். கல்யாணப் பத்திரத்தில் அவர் பெயர் ஓரெழுத்து மிகுந்தும், அடையாளக் கார்டில் ஓரெழுத்துக் குறைந்தும் இருந்தது. எந்தக் காலத்திலோ ஒரு கிராணி காதில் விழுந்தபடி எழுதிப்போன எழுத்து அது.

"நான்தானுங்களே அவரோட பெண்சாதி. ஓரெழுத்துக்காக நான் வேற ஆளா ஆயிடுவேனா ஐயா?" என்று அவர் கேட்டார்.

இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்னும் சத்தியப் பிரமாணத்தைத் தயாரித்தோம். ஆணையர் முன் அவர் கைந்நாட்டு வைத்தார். இதிற் பெரிய சாமர்த்தியம் ஒன்றுமில்லை. நாளொன்றுக்கு நாலைந்து எழுதுகிறோம். சில மாதங்கள் கழிந்தபின் அவ்வம்மையார் மீண்டும் வந்தார். பணம் கிடைத்துவிட்டது. ஆயினும் அவர் வந்த காரியம் வேறு. பேத்தியின் பிறப்புப் பத்திரத்தை விரித்து, "இதுல எழுத்தெல்லாம் சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க" என்றார். ஒவ்வோரெழுத்தாகப் படித்துக் காட்டினோம். அன்று நமக்கு உண்டான நிறைவை எந்தச் சம்பள உயர்வும் தந்ததில்லை.

ஆகவே நாம் கண்ட உண்மை இது: தாளின் மறுபுறத்தில் நிற்கும் மனிதரை அறிந்தவனுக்கு வேலை சலிப்பதில்லை. மேலாளரின் புகழ்ச்சியை நம்பி வேலை செய்கிறவன் அவர் மாறிப்போனால் அநாதையாகிறான். இதற்கு நம் ஊரின் வரலாறே சான்று. 1941-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுனில் குண்டு பொழிந்தன. சில நாட்களில் ஐரோப்பியர் இரவோடிரவாகக் கப்பலேறினர். ஆசிய மக்கள் கைவிடப்பட்டனர். துரைமாரின் நாற்காலிகள் காலியாயின; மக்களின் பசி காலியாகவில்லை. அப்பொழுது "ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ" பத்திரிகையின் ஆசிரியராயிருந்த இலங்கைத் தமிழர் மாணிக்கசோதி சரவணமுத்து, கார்ன்வாலிஸ் கோட்டையிற் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கி வெள்ளைக் கொடியை ஏற்றினார். பல இனத்தாரும் சேர்ந்த சேவைக் குழுவுக்குத் தலைமை தாங்கிக் கொள்ளையைத் தடுக்கவும் உணவு கிடைக்கவும் பாடுபட்டார். 19-ஆம் நாள் ஜப்பானியர் வந்து சேர்ந்தனர். மேசையிலிருந்து எழுதிய ஒரு மனிதர், தம்மை மெச்சவோ கண்டிக்கவோ அதிகாரி எவரும் இல்லாத நாளில், ஊரே தமக்கு அதிகாரி எனக் கொண்டார்.

மனநிறைவு பேசுவோரை நோக்கி, "அப்படியாயின் சம்பளம் எதற்கு?" என்று நகைக்கும் முதலாளிகளும் உளர். அவர்களுக்கு ஒரு சொல். நிறைவு வேறு, அடிமைத்தனம் வேறு. இந்நாட்டுச் சட்டம் வார வேலை நேரத்தை 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைத்தது 2023-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்தேயாம். அந்த மூன்று மணியும் தொழிலாளியின் உரிமை. அதைக் கேட்பதனால் தொழிலன்பு குறைந்துவிடாது.

மற்றொரு சொல் நம் சகோதரக் கிராணிகளுக்கு. சலவைச் சட்டை அணிந்த மாத்திரத்தில், மண்ணில் நிற்பவரினும் நாம் உயர்ந்தோம் என்னும் செருக்கு நம்மிற் சிலரை இன்னும் விட்டபாடில்லை. நம்முன் வந்து நிற்பவர் பாட்டன் காலத்தில் பெரட்டுக் களத்தில் நம் பாட்டனுக்குப் பக்கத்தில் நின்றவராயிருக்கலாம். அவரை முதலில் உட்காரச் சொல்லுங்கள். பின் அவர் பெயரைக் கேளுங்கள். எழுதுமுன் இன்னொருமுறையும் கேளுங்கள்.