ரியாளத்

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் வழியில், கிழக்கே கடலோரமாக விலகி நிற்பது பரங்கிப்பேட்டை. மஹ்மூது பந்தர் என்பது அதன் மற்றொரு பெயர். சென்ற ஆண்டு அங்கே நண்பரொருவரின் தோப்பில், அஸருக்குப் பின் ஒரு காட்சி கண்டோம்.

சிதம்பரம் புகைவண்டி நிலையத்தில் முன்பு ஜட்கா ஓட்டிய பெரியவர் ஒருவர், மாப்பிள்ளை ஊர்வலத்துக்கென மூன்று வயதுக் குட்டியொன்றைப் பழக்கிக்கொண்டிருந்தார். சாட்டையை எதிர்பார்த்துச் சென்றோம். அவர் கையில் நீண்ட கயிறு மட்டுமே இருந்தது.

முதலில் பல நாள் தடவிக்கொடுத்தலே பாடம். பின்னர் கயிற்றின் முனையில் இடமாகவும் வலமாகவும் வட்டமிட்டு நடத்தல். அதன்பின் முதுகில் மடித்த கம்பளம். அது பழகியதும் சேணம். வயிற்றுவாரை ஒரே இழுப்பில் இறுக்காமல், ஒவ்வொரு துளையாக, நடத்தி நடத்தி இறுக்கினார். அன்றுதான் முதற் சவாரி. பேரனை முதுகின் குறுக்கே சாய்த்துப் பாரம் உணர்த்தி இறக்கினார். குட்டியின் காதுகள் பின்னே மடிந்தன, காத்திருந்தார். அது தலை தாழ்த்திப் பெருமூச்சு விட்ட பிறகே பையனை அமர வைத்தார். பத்தடி நடந்ததும் இறக்கிவிட்டார்.

"இவ்வளவுதானா?" என்றோம்.

"முதுகெலும்பு முழுசா முத்த அஞ்சாறு வருஷம் ஆகும், ஹஜ்ரத். இன்னிக்கு மிரண்டா அது என்னிக்கும் மறக்காது."

பாண்டிய நாட்டுக் கரையில் அரபுக் குதிரைகள் ஆயிரக்கணக்கில் வந்திறங்கிய காலமுண்டு. பேணும் முறை அறியாமையால் அவற்றுட் பெரும்பாலானவை மாண்டன என்று 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ எழுதிவைத்தார். பொன் கொடுத்துக் குதிரையை வாங்கலாம். பொறுமையை வாங்க இயலுமோ?

ரியாளத் என்னும் அரபுச் சொல் முதலில் குதிரைக் குட்டியைப் பழக்குவதையே குறித்தது. உள்ளத்தைப் பண்படுத்தல் என்ற பொருள் பின்னர் வந்தது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் 'இஹ்யா'வில் ஒரு பகுதிக்கே 'ரியாளத்துன் நப்ஸ்' எனப் பெயரிட்டார்கள். இதனை ஆண்டுதோறும் மாணவர்க்கு உரைத்து வந்தோம். உரைத்தோமேயன்றி உணர்ந்திலோம்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு மக்தபில், அச்சொல்லிலுள்ள 'ளாத்' என்னும் எழுத்து நாவில் வராமல் திணறிய சிறுவனைப் பிரம்பால் அடித்தோம். மறுநாள் அவன் ஓத வரவில்லை, பிறகு வரவேயில்லை. பிரம்பைக் கைவிட்டுப் பல்லாண்டுகளாயின. நம் குரலில் ஒளிந்திருந்த பிரம்பை அத்தோப்பில்தான் கண்டுகொண்டோம்.

அச்சிறுவர் இன்று கடலூர் முதுநகரில் கடை வைத்திருக்கிறார். நம்மைக் கண்டால் எழுந்து நிற்பார். மறுவாரம் அவரைத் தேடிச் சென்று மாப்புக் கேட்டோம். பதறி நம் கையைப் பற்றிக்கொண்டு, தேநீர் வருவித்தார். நெடுநேரம் கழித்து மெல்லச் சொன்னார்:

"மனசுல ஒண்ணுமில்லை, ஹஜ்ரத். ஆனா தொழுகையில அந்த எழுத்து வரும்போது மட்டும் இன்னும் நாக்கு நின்னுபோகுது."