கத்தரிப்பூ நிறத் தண்ணீரும் வெள்ளை உப்பும்

உப்பு என்றாலே வெள்ளை என்றுதானே நினைக்கிறோம்? அது வெள்ளையாவதற்கு முன்னால் என்னென்ன நிறம் காட்டுகிறது என்று பார்க்க மரக்காணம் போக வேண்டும், சகோதரிகளே!

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 120 கிலோமீட்டர். புதுச்சேரி போகிற வழியில் இருக்கிறது. பங்குனி வெயிலில் நானும் என் நாத்தனாரும் போயிருந்தோம்.

முதலில் கண்ணில் படுவது பழுப்பு நிறம். மிதித்து இறுக்கிய களிமண் பாத்திகள், வரப்புகள், தூரத்தில் காய்ந்த பனை மட்டைகள். வேலை செய்கிற பெண்களின் முழங்கால் வரை அதே சேற்றுப் பழுப்பு. பக்கத்துக் கழுவேலி ஏரிப் பக்கம் தவிட்டு நிற உள்ளான்கள் சேற்றைக் கிளறி மேய்கின்றன. இந்த ஏரி 2021-ல் பறவைகள் சரணாலயம் ஆயிற்று. 2024-ல் ராம்சர் பட்டியலிலும் இடம் பெற்றது.

அடுத்தது கத்தரிப்பூ நிறம். கடற்கரை மணலில் அடம்புக் கொடி படர்ந்து பூத்துக் கிடக்கிறது. அதைவிட அதிசயம், பாத்தித் தண்ணீர்! கடல்நீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்புதான் உண்டு. உவர்நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றிக் காயவிடக் காயவிட அது கெட்டிப்பட்டு, செம்மையும் ஊதாவுமாக மாறுகிறது. கடும் உப்பில் மட்டுமே வாழும், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களின் நிறம் அது. நிறம் ஏறிய தண்ணீர் வெயிலை நன்றாக இழுப்பதால் சீக்கிரம் வற்றுகிறது.

"தண்ணி இந்த நெறத்துக்கு வந்துச்சுன்னா உப்பு எறங்கப் போவுதுன்னு தெரிஞ்சுக்கலாம்மா" என்றார், பலகையால் உப்பை வாரிக்கொண்டிருந்த ஓர் அக்கா.

"கடலில் விளைந்த உப்பாச்சே, அயோடின் தானாகவே இருக்குமே!" என்றாள் நாத்தனார். நம்மில் பலரும் அப்படித்தான் நினைக்கிறோம். உண்மையில் பாத்தி உப்பில் இருக்கும் அயோடின் மிகமிகச் சொற்பம். பிறகுதான் சேர்க்க வேண்டும். சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கென்று விற்க 2006 முதல் நாடு முழுவதும் தடை இருக்கிறது.

கர்ப்பிணிக்கு அயோடின் மிகவும் குறைந்தால் வயிற்றுக் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். பிறந்த பிறகு அதை முழுவதும் சரிசெய்ய முடியாது. பெரியவர்களுக்குக் கழுத்துக் கழலை வரும்.

இங்கேயும் ஊதா நிறம்தான் துணைக்கு வருகிறது! 1811-ல் கடற்பாசிச் சாம்பலில் அயோடினைக் கண்டுபிடித்தவர் பிரெஞ்சுக்காரர் குர்துவா. அதன் ஆவி ஊதாவாக இருந்ததால், கிரேக்க மொழியில் ஊதாவைக் குறிக்கும் சொல்லையே பெயராக வைத்தார்கள்.

வீட்டிலேயே சோதிக்கலாம். உருளைக்கிழங்கை இரண்டாக நறுக்கி, வெட்டிய பக்கத்தில் உப்பைத் தூவுங்கள். ஒரு நிமிஷம் கழித்து இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். நீலம் அல்லது கருநீல ஊதா படர்ந்தால் அயோடின் இருக்கிறது. நிறம் மாறாவிட்டால் அந்த உப்பை ஊறுகாய் ஜாடி கழுவ வைத்துக்கொண்டு, 'சிரிக்கும் சூரியன்' படம் போட்ட பாக்கெட்டாகப் பார்த்து வாங்குங்கள். கல் உப்பிலும் அயோடின் சேர்த்தது கிடைக்கிறது.

உப்பை அடுப்பு மேடையில் திறந்து வைக்காமல் மூடி போட்ட ஜாடியில் வையுங்கள். அடுப்பை அணைக்கும் சமயத்தில் போடுங்கள். அயோடின் நல்லது என்பதற்காக உப்பைக் கூட்டிவிடாதீர்கள்! பெரியவர் ஒருவருக்கு நாள் முழுவதற்கும் ஒரு டீஸ்பூனுக்குள்தான் இருக்க வேண்டும். தைராய்டுக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளட்டும்.