வாத்து முட்டைக்கு யார் அடையிருப்பது?

அறுவடை முடிந்த வயலில் மேயும் வாத்துக் கூட்டத்தைத் தஞ்சை, திருவாரூர், நாகை பக்கம் பார்க்காதவர்கள் குறைவு. நூற்றுக்கணக்கில் கழுத்தை நீட்டிக்கொண்டு ஒரே திசையில் போகும்; பின்னால் நீளக் கம்போடு ஒருவர் வருவார். அந்தக் கூட்டத்தில் அநேகமாக ஒரு வாத்துகூடத் தன் தாயின் வயிற்றுச் சூட்டில் பொரிந்ததாக இருக்காது. ஏதோ ஒரு கோழியின் கீழே, அல்லது ஏதோ ஒரு பெட்டிக்குள்ளே பிறந்தவைதான் எல்லாம்.

வீட்டு வாத்துகளில் பெரும்பாலானவற்றுக்கு மூதாதை மல்லார்ட் என்கிற பச்சைத்தலைக் காட்டு வாத்து. பெட்டை, தன் மார்புத் தூவியைத் தானே பிடுங்கிக் கூட்டில் பரப்பி, நான்கு வாரம் பொறுமையாக அடையிருக்கும். அதை வீட்டுக்குக் கொண்டுவந்த மனிதனுக்கு இந்தப் பொறுமை பிடிக்கவில்லை. அடையில் உட்கார்ந்த பறவை முட்டையிடுவதை நிறுத்திவிடும். உட்காராத பறவைதான் லாபம். தலைமுறை தலைமுறையாக அப்படிப்பட்டதையே பொறுக்கிப் பெருக்கினான். இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரில் அடெல் காம்பெல் என்ற பெண்மணி 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தியன் ரன்னர், ரூவான், காட்டு வாத்து ஆகியவற்றைக் கலந்து உருவாக்கிய காக்கி காம்பெல், நன்றாகப் பராமரித்தால் ஆண்டுக்கு 300 முட்டை வரை இடும். அடைக்கு உட்காரும் எண்ணம் மட்டும் அதற்கு அநேகமாக வருவதே இல்லை. மஸ்கோவி வாத்து இதற்கு விலக்கு. அது தென்னமெரிக்காவிலிருந்து வந்த வேறு இனம். தானே அடையிருந்து பொரிக்கும். அதன் முட்டைக்கு 35 நாள். மற்ற வாத்துகளுக்கு 28.

ஆகவே வாத்து முட்டைக்கு எப்போதும் ஒரு பதிலாள் தேவைப்பட்டது. நம் ஊர்களில் அந்த வேலை நாட்டுக்கோழியின் தலையில் விழுந்தது. அடைக்கோழி ஒன்றின் கீழ் எட்டு முதல் பத்து வாத்து முட்டை வைக்கலாம். அதற்கு மேல் அதன் இறக்கைக்குள் அடங்காது. கோழியின் கணக்கு 21 நாள். வாத்து முட்டை இன்னும் ஒரு வாரம் கேட்கும். நல்ல கோழி கணக்குப் பார்க்காமல் உட்காரும். பொறுமை இல்லாதது எழுந்துவிடும். அதைத் தக்கவைக்கத் தீனியும் தண்ணீரும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இன்னொரு வித்தியாசமும் உண்டு. தாய் வாத்து இரை தேடப் போனால் தண்ணீரில் இறங்கி, நனைந்த மார்போடு திரும்பி வந்து உட்காரும். கோழி புழுதியில் குளித்துவிட்டு வரும். அதனால்தான் வாத்து முட்டைக்கு அடை வைக்கிற வீடுகளில், பின்பாதி நாட்களில் கோழி எழுந்த நேரம் பார்த்து முட்டைமேல் கொஞ்சம் தண்ணீர் தெளிப்பார்கள். இன்குபேட்டர் வாங்கப் போகிறவர் இந்த ஒரு செய்கையை மனத்தில் வைத்துக்கொண்டால், கடைக்காரர் சொல்வதில் பாதியைக் கேட்க வேண்டியதில்லை.

மின்சாரம் இல்லாமலே ஆயிரக்கணக்கில் பொரித்தவர்களும் இருக்கிறார்கள். வங்கதேசத்திலும் பாலித் தீவிலும் நெல் உமியை வைத்து வாத்துக் குஞ்சு எடுப்பார்கள். மூங்கில் கூடைகளைச் சுற்றி உமியை அடைத்து, முன்கூட்டியே சூடேற்றிய முட்டைகளைத் துணியில் முடிந்து உள்ளே அடுக்குவார்கள். இதில் மிகுந்த புத்திசாலித்தனம் அடுக்கும் வரிசையில் இருக்கிறது. பாதிக்காலம் கடந்த முட்டைக்குள் கரு தானே வெப்பம் உண்டாக்கத் தொடங்கிவிடும். அந்தப் பழைய முட்டைகளின் சூட்டிலேயே புது முட்டைகளை வளர்ப்பார்கள். தெர்மாமீட்டர் கிடையாது. முட்டையை எடுத்துக் கண் இமையில் வைத்துப் பார்ப்பார்கள். எகிப்தில் செங்கல் அறைகளுக்குள் குஞ்சு பொரித்தவர்களின் பரம்பரை முறையும் இதுவே. இமைத்தோல் அவ்வளவு நுட்பமானது.

ஐரோப்பாவில் இதற்கு இயந்திரம் செய்யும் ஆசை பழையது. பிரெஞ்சு அறிவியலாளர் ரேமூர் 18ஆம் நூற்றாண்டில் சாண எருவின் சூட்டில் குஞ்சு பொரிப்பதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். 1880 வாக்கில் பாரிஸில் தார்னியே என்ற மகப்பேறு மருத்துவர், கோழிக்குஞ்சு பொரிக்கும் இயந்திரத்தைப் பார்த்துவிட்டு, அதைச் செய்தவரிடமே குறைமாதக் குழந்தைகளுக்கும் ஒன்று செய்து தரச் சொன்னார். மருத்துவமனைகளில் இன்று இருக்கும் கண்ணாடிப் பெட்டிக்கு மூலம், கோழிப்பண்ணைச் சாமான்தான்.

இன்றைக்கு வீட்டில் வைத்துப் பொரிக்க நினைப்பவருக்கு வழி நிறைய இருக்கிறது. தெர்மகோல் பெட்டி, குண்டு பல்பு, சின்னதாக ஒரு வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி, கணினியிலிருந்து கழற்றிய மின்விசிறி ஆகியவற்றை வைத்துத் தாமே செய்துகொள்பவர்கள் உண்டு. கடையில் வாங்கினால் பிளாஸ்டிக் பெட்டி, தானாக முட்டை உருட்டும் தட்டு, எண்கள் ஒளிரும் திரை எல்லாம் கிடைக்கும். பெட்டிமேல் இத்தனை முட்டை கொள்ளும் என்று போட்டிருப்பது பெரும்பாலும் கோழி முட்டைக் கணக்கு. 70 கிராம் எடையுள்ள வாத்து முட்டை அந்தக் குழியில் உட்காராது. உட்கார்ந்தாலும் உருட்டும்போது பக்கத்து முட்டையில் இடிக்கும். தட்டில் குழியின் அகலத்தை மாற்ற முடியுமா என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

அடுத்தது காற்று. விசிறி உள்ள பெட்டியில் எங்கே அளந்தாலும் 37.5 டிகிரி செல்சியஸ் இருந்தால் போதும். விசிறி இல்லாத பெட்டியில் சூடு மேலே தேங்கும், கீழே குறையும். அதில் முட்டையின் மேல்மட்டத்தில் ஏறக்குறைய 38.5 இருக்க வேண்டும். வாத்து முட்டை கோழி முட்டையைவிடப் பருமன். கோழிக்கென்று பொருத்திய உணரி இரண்டு விரற்கடை தாழ்ந்திருந்தாலும் கணக்கு மாறிவிடும். வாத்துக்கு விசிறி வைத்த பெட்டியே நல்லது என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. திரையில் தெரியும் எண்ணை அப்படியே நம்புவதும் சரியல்ல. காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரை உள்ளே வைத்து ஒருநாள் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முட்டையை வைப்பவர்கள் கெட்டிக்காரர்கள்.

ஆனால் வாத்து விஷயத்தில் மனிதர்கள் தோற்பது பெரும்பாலும் சூட்டில் அல்ல, ஈரத்தில்.

முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான துளைகள் உண்டு. அவற்றின் வழியே நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக நீர் ஆவியாகும். அந்த இடத்தில், முட்டையின் அகன்ற முனையில், காற்றறை பெரிதாகும். கடைசியில் குஞ்சு முதல் மூச்சை இழுப்பது அந்தக் காற்றறைக்குள்தான். 25ஆம் நாளுக்குள் முட்டை தன் எடையில் சுமார் 13 விழுக்காடு இழந்திருக்க வேண்டும். 70 கிராம் முட்டை 61 கிராமுக்கு வர வேண்டும். ஈரப்பதம் அதிகமாக இருந்து எடை குறையாவிட்டால் குஞ்சு உப்பிப்போய், திரும்ப இடமில்லாமல் உள்ளேயே மூழ்கும். மிகவும் குறைந்தால் சவ்வு காய்ந்து அதன் உடம்பில் ஒட்டிக்கொள்ளும். முதல் 25 நாளுக்கு 55 முதல் 60 விழுக்காடு, பிறகு 70க்கு மேல் என்று பொதுவாகச் சொல்வார்கள். இந்த எண்களைவிட, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சமையலறைத் தராசு நம்பகமானது. ஐந்தாறு முட்டையில் பென்சிலால் எடையை எழுதி வாராவாரம் நிறுத்தால் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்பது தெரிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் டெல்டாவில் இருப்பவர் பெட்டிக்குள் தண்ணீரே ஊற்றாமல் சமாளிக்க நேரலாம். அதே பெட்டி சித்திரையில் கரூரில் இருந்தால் இரண்டு கிண்ணம் வைத்தாலும் போதாது. ஈரத்தைத் தீர்மானிப்பது கிண்ணத்தின் ஆழம் அல்ல, நீர்ப்பரப்பின் அகலம். ஈரப்பத மானி சரியா என்று பார்க்கவும் எளிய வழி இருக்கிறது: சேறுபோல் நனைத்த உப்போடு அதைக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் சில மணி நேரத்தில் 75 காட்ட வேண்டும்.

கரூர் வெயிலுக்கு இன்னொரு சங்கதியும் உண்டு. வீட்டு இன்குபேட்டருக்குச் சூடேற்றத்தான் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. அறையே 39 டிகிரியில் கொதித்தால் கட்டுப்பாட்டுக் கருவி பல்பை அணைத்துவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். மின்தடைக்குப் பயந்து இன்வெர்ட்டர் வாங்குகிறவர்கள் இதை யோசிப்பதில்லை. மின்சாரம் ஒரு மணி நேரம் போனால் மூடியைத் திறக்காமல் மேலே கம்பளியைப் போர்த்தினால் பெரும்பாலும் கரு தப்பித்துவிடும். குளிர் கருவைத் தாமதப்படுத்தும்; சூடு சீக்கிரம் கொன்றுவிடும். வீட்டிலேயே தணுப்பான, வெயில் படாத மூலையைத் தேடிப் பெட்டியை வைப்பது, விலை உயர்ந்த பெட்டி வாங்குவதைவிடப் பலன் தரும். அடை வைக்கச் சேர்க்கும் முட்டைக்கும் இதே பேச்சுதான். 30 டிகிரிக்கு மேல் உள்ள அறையில் கிடந்தால் கரு அரைகுறையாக வளரத் தொடங்கிச் செத்துப்போகும். கோடையில் மூன்று நான்கு நாளுக்கு மேல் சேர்க்காமல், ஈர மணலில் பதித்த மண்பானையில் வைப்பது நல்லது.

முட்டையைத் தினம் உருட்ட வேண்டும். இல்லாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். கையால் உருட்டுபவர்கள் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறு பக்கம் வட்டம் போட்டு, ஒரு நாளைக்கு மூன்று அல்லது ஐந்து முறை திருப்புவார்கள். ஒற்றைப்படையாக இருந்தால்தான் இரவு முழுதும் மேலே இருக்கும் பக்கம் நாளுக்கு நாள் மாறும். எட்டாம் நாளுக்குப் பிறகு தினம் பத்துப் பதினைந்து நிமிடம் மூடியைத் திறந்து ஆறவிட்டு வெதுவெதுப்பான தண்ணீரைப் புகைபோலத் தெளிப்பது, தாய் வாத்து குளத்துக்குப் போய்வரும் நேரத்தைப் போலியாகச் செய்வதுதான். பின்பாதியில் கருவே சூடு விடுவதால் இந்த ஆறுதல் அதற்குத் தேவையும்கூட. எல்லாவற்றையும் தானே செய்யும் பெட்டி வாங்கியவர் ஒருநாளும் மூடியைத் திறப்பதில்லை. வாத்து முட்டைக்கு அது அவ்வளவு உகந்ததல்ல.

ஏழாம் நாள் இருட்டறையில் டார்ச் அடித்துப் பார்த்தால், கரு கூடிய முட்டைக்குள் சிலந்தி விரித்த கால்கள்போல் செந்நரம்புகள் தெரியும். வெறும் வெளிச்சமாக இருப்பது கரு கூடாதது. சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் கரு செத்துவிட்டது. இரண்டையும் அன்றே எடுத்துவிட வேண்டும். வாத்து சேற்றிலும் ஈரத்திலும் இடுவதால் அழுக்கு முட்டைகள் அதிகம். கூமுட்டை ஒன்று பெட்டிக்குள் வெடித்தால், அந்த நாற்றத்தோடு கிருமியும் எல்லா முட்டைக்கும் பரவும். அதற்காகத்தான் காலை ஒன்பது மணிவரை வாத்துகளைக் கொட்டகையிலேயே அடைத்து, உலர்ந்த வைக்கோலில் முட்டையிட வைக்கிறார்கள்.

25ஆம் நாளோடு உருட்டல் நிற்கும். அதன் பிறகு பெட்டிக்குள் சத்தம் கேட்க ஆரம்பிக்கும். ஓடு உடைவதற்கு முன்பே, காற்றறைக்குள் அலகை நீட்டிய குஞ்சு கத்தத் தொடங்கிவிடும். அமெரிக்க ஆய்வாளர் கில்பர்ட் காட்லீப் இந்தக் குரலை வைத்து வியப்பான சோதனைகள் செய்தார். இன்குபேட்டரில் பொரிந்து, தாயின் குரலையே கேட்டறியாத வாத்துக்குஞ்சு, ஒலிபெருக்கியில் வாத்துத் தாயின் அழைப்பையும் கோழித் தாயின் அழைப்பையும் வைத்தால் வாத்தின் பக்கமே போகும். ஆனால் முட்டைக்குள்ளேயே ஊமையாக்கித் தனியே வைத்த குஞ்சுக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியவில்லை. தன் குரலைத் தானே கேட்டுத்தான் அது தாயின் குரலை அடையாளம் காணப் பழகுகிறது. 

ஓட்டில் முதல் கீறல் விழுந்ததும் வீட்டில் உள்ளவர்களுக்குக் கை துறுதுறுக்கும். உதவி செய்கிறோம் என்று ஓட்டைப் பிய்ப்பவர்களால் செத்த குஞ்சுகளுக்குக் கணக்கில்லை. கீறலிலிருந்து வெளியே வர ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் ஆகும். அந்த இடைவேளையில் அது ஓட்டுச் சவ்வின் இரத்தத்தையும் மிச்சமிருக்கும் மஞ்சள் கருவையும் உடம்புக்குள் இழுத்துக்கொள்கிறது. முன்கூட்டிப் பிய்த்தால் இரத்தம் கசியும். அடிக்கடி மூடியைத் திறந்தால் ஈரம் போய்ச் சவ்வு இறுகும்.

பொரிந்தபின் ஒன்றிரண்டு நாள் தீனி இல்லாமலும் குஞ்சு தாங்கும். உள்ளே இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு அதற்குப் போதும். பிறகு பல்பு வெளிச்சத்தின் கீழ் சுமார் 32 டிகிரி சூட்டில் வைத்து, தண்ணீர்ப் பாத்திரத்தில் அலகும் மூக்குத் துளையும் முங்கும் அளவு ஆழம் தர வேண்டும்; நீந்துமளவு தரக் கூடாது, நனைந்து விறைத்துவிடும். கோழிக்குஞ்சுத் தீவனத்தில் உள்ள நியாசின் சத்து வாத்துக்குப் பற்றாமல் கால் வளையும் என்பதால் ஈஸ்ட் தூளைக் கலந்து கொடுப்பவர்கள் உண்டு. குஞ்சுகள் தண்ணீரைத் தீனியில் கொட்டும், தீனியைத் தண்ணீரில் கரைக்கும், இரண்டையும் காலால் மிதித்துக் கூடம் முழுக்கப் பூசும். காலையில் விரித்த செய்தித்தாள் மத்தியானத்துக்குள் கூழாகிவிடும். ஒரு வாரத்துக்குள் வீட்டில் யாராவது மூக்கைப் பொத்திக்கொண்டு, கொல்லையில் கூண்டு போட ஆள் எப்போது வருவான் என்று கேட்டுவிடுவார்கள்.